கூரைக்கு ஸ்ப்ரூஸ் மரம் வேண்டாம்: மண்டபக் கட்டடக் குழுவுக்கு ஒரு திறந்த மடல்

மலேசியாவின் பேராக் மாநிலத்தில், சுங்கை சிப்புட் வட்டாரத்தில் எழவிருக்கும் பல்நோக்கு மண்டபத்தின் கட்டடக் குழுத் தலைவர், செயலாளர், பொருளாளர், செயலவையினர், பெற்றோர் ஆசிரியர் சங்கப் பொறுப்பாளர்கள் அனைவருக்கும் வணக்கம்.

மண்டபக் கூரைக்கும் தாழ்வாரத் தூண்களுக்கும் உட்கூரைக்கும் பாலர் பள்ளி பெஞ்சுகளுக்கும் ஐரோப்பிய 'வைட்வுட்' வாங்கலாம் என்ற பரிந்துரையை விலைப்பட்டியலோடு அறிவிப்புப் பலகையில் ஒட்டியிருக்கிறீர்கள். ஊர்ப் பணத்தைச் செலவழிக்கும் முன் ஊருக்குக் காட்டியது நல்ல முறை. அதனால்தான் நாங்களும் வெளிப்படையாகவே எழுதுகிறோம்.

பரிந்துரையில் மூன்று காரணங்கள் இருக்கின்றன. நம் நாட்டுக் கடின மரமான கெம்பாஸைவிட விலை குறைவு, வெப்பப் பதனம் செய்த முத்திரை உண்டு, சி24 என்ற ஐரோப்பிய வலிமைத் தரம். மூன்றும் பொய்யில்லை. ஆனால் இந்த மூன்றையும் வைத்துக்கொண்டு கூரைக்கும் தூணுக்கும் இந்த மரம் தாங்கும் என்று முடிவு செய்ததில்தான் கோளாறு.

முதலில் பொருள் என்ன என்று தெரிந்துகொள்வோம். வைட்வுட் என்பது வியாபாரப் பெயர். அதில் பெரும்பகுதி நார்வே ஸ்ப்ரூஸ். கொஞ்சம் ஃபர் மரமும் கலந்து வரும். 'ரெட்வுட்' என்று வருவது ஸ்காட்ஸ் பைன். இரண்டும் ஊசியிலை மரங்கள்தான், இரண்டும் வெளிர்நிறம்தான். ஆனால் கரையானும் பூஞ்சையும் அண்டாமல் மரத்துக்கு மருந்தேற்றும் பட்டறையில் இரண்டும் வேறு வேறு சாதி. விலைப்பட்டியலில் 'பைன் அல்லது வைட்வுட்' என்று பொதுவாகப் போட்டிருப்பதை ஒப்பந்தத்தில் அப்படியே விடக்கூடாது.

முத்திரையைப் பற்றித்தான் ஊரில் அதிகக் குழப்பம். கோதுமைக் கதிர்ச் சின்னம், நாட்டின் ஈரெழுத்துக் குறி, தயாரிப்பாளர் எண், அதோடு வெப்பப் பதனத்தைக் குறிக்கும் 'எச்டி' என்ற எழுத்துகள் இருக்கும். இது ஐஎஸ்பிஎம் 15 என்ற அனைத்துலகத் தாவர நோய்த்தடுப்பு விதியின் முத்திரை. 2002இல் வந்த விதி. மரத்தாலான பொதிப்பொருள்கள் வழியாக ஒரு நாட்டுப் பூச்சி இன்னொரு நாட்டுக்குப் போகாமல் தடுப்பது மட்டுமே அதன் வேலை. கட்டையின் நடுப்பகுதி வரை 56 டிகிரி செல்சியஸ் வெப்பத்தைத் தொடர்ந்து 30 நிமிடம் கொடுத்தால் உள்ளே இருக்கும் புழுவும் வண்டும் செத்துவிடும். அவ்வளவுதான். சூட்டில் மரத்துக்குள் எந்த மருந்தும் ஏறவில்லை. கிள்ளான் துறைமுகத்தில் இறங்கிய மறுநாளே நம் ஊர்க் கரையான் அதைத் தின்னலாம். இந்த முத்திரையைப் பார்த்து 'கரையான் காப்பு உண்டு' என்று எவராவது எழுதித் தந்தால், அந்த ஒரு வரிக்காகவே அந்தக் கடிதத்தைத் திருப்பி அனுப்புங்கள்.

சரி, இங்கே கொண்டுவந்து மருந்தேற்றிக்கொள்ளலாமே என்று கேட்பீர்கள். இந்த மடலின் முக்கியமான செய்தி இங்கேதான் இருக்கிறது: காய்ந்த ஸ்ப்ரூஸில் மருந்து ஏறாது.

ஸ்ப்ரூஸ் கட்டையை நுண்ணோக்கியில் பார்த்தால் நீளவாக்கில் நெருக்கமாக அடுக்கிய மெல்லிய குழல்களே பெரும்பகுதி. ஒவ்வொன்றும் 2 முதல் 4 மில்லிமீட்டர் நீளம், இரு முனையும் மூடியவை. நீர் ஒரு குழலை விட்டு அடுத்ததற்குப் போக வேண்டுமானால் பக்கச் சுவரிலுள்ள வட்டக் கண்கள்தான் வழி. ஒவ்வொரு கண்ணின் நடுவிலும் ஒரு சின்னத் தட்டு நுண்ணிய இழைகளால் கட்டப்பட்டு நிற்கிறது. பச்சை மரத்தில் நீர் அந்த இழைகளின் இடுக்கில் புகுந்து போய்விடும். மரம் காயும்போதோ, வெளியேறும் நீர் அந்தத் தட்டை ஒரு பக்கமாக இழுத்துக் கண்ணின் விளிம்போடு ஒட்ட வைத்துவிடுகிறது, பம்பில் வாஷர் இறுகிக்கொள்வதுபோல. ஒட்டியது ஒட்டியதுதான், மறுபடி நனைத்தாலும் பெரும்பாலும் திறக்காது. பைனிலும் இந்தக் கண்கள் அடைபடும். ஆனால் பைனின் குறுக்குக் கதிர்களில் அகன்ற திறப்புகள் உண்டு. வைரம் பாயாத வெளிப்பகுதியில் அந்த வழியாக மருந்து நன்றாக இறங்கும். ஸ்ப்ரூஸுக்கு அந்த வாசலும் குறுகல்.

அதனால் வெற்றிடம் பிடித்து, அழுத்தம் கொடுத்து, செம்பு கலந்த பச்சை மருந்தைச் செலுத்தினாலும் பக்கவாட்டில் சில மில்லிமீட்டர்தான் போகும். வெட்டு முனையில் மட்டும் கூடுதலாக இறங்கும். மேலே பார்த்தால் பச்சையாக, நன்றாக மருந்தேறியதுபோலவே இருக்கும். கூரையில் ஏற்றும்போது தச்சர் ஒரு முனையை அறுப்பார், மூட்டுக்கு ஒரு காடி எடுப்பார், போல்ட்டுக்கு ஓட்டை போடுவார். அந்த ஒவ்வொரு இடத்திலும் மருந்தே தொடாத வெள்ளை நடுப்பகுதி வெளியே தெரியும். கரையானுக்கு அது போதும். வெயிலில் விழும் வெடிப்பும் அந்த மெல்லிய மருந்துத் தோலைத் தாண்டி உள்ளே போய்விடும்.

இயற்கையாகவும் இந்த மரத்துக்குத் தற்காப்பு குறைவு. ஐரோப்பாவின் ஈஎன் 350 தரநூல் மரங்களின் உழைப்பை ஐந்து வகுப்பாகப் பிரிக்கிறது. முதல் வகுப்பு மிக உறுதி, ஐந்தாவது மிக மோசம். நார்வே ஸ்ப்ரூஸ் நான்காவது வகுப்பு. மருந்தேற்றும் எளிமையிலும் அதே நூல் அதைக் கடினமான பக்கத்தில்தான் வைக்கிறது. வைரம் பாய்ந்த கட்டை எது, வெளிக்கட்டை எது என்று நிறத்தை வைத்துப் பிரிக்கவும் முடியாது. இரண்டும் ஒரே வெளுப்பு.

இந்தக் குறையை ஆய்வாளர்கள் சும்மா விட்டுவிடவில்லை. கட்டையின் மேல் சின்னச் சின்னக் கீறல்களை இயந்திரத்தால் போட்டு, அதன் வழியாக மருந்தை உள்ளே விடும் முறை வட அமெரிக்காவில் வழக்கத்தில் இருக்கிறது; கீறலுக்கு விலையாக வலிமை கொஞ்சம் குறையும். வெட்டிய தடிகளை நீரில் ஊறப்போட்டால் பாக்டீரியா அந்தக் கண்களின் இழைகளைத் தின்று வழி திறந்துவிடும் என்பதும் பழைய கண்டுபிடிப்பு. சுவிட்சர்லாந்தின் எம்பா ஆய்வகத்தில் ஃபிரான்சிஸ் ஷ்வார்ஸே குழுவினர் 'ஃபிசிஸ்போரினஸ் விட்ரியஸ்' என்ற காளானை இதே வேலைக்குப் பழக்கினார்கள். குழல் சுவரை அரிப்பதற்கு முன் அது அடைபட்ட கண்களை அரிக்கும்; சரியான வாரத்தில் நிறுத்திவிட்டால் வலிமையும் பெரிதாகப் போகாது. 190 முதல் 212 டிகிரி வரை சூடேற்றிப் பழுப்பாக்கும் பின்லாந்து முறையும் உண்டு. அது பூஞ்சையை நன்றாகத் தடுக்கும், ஆனால் மரம் நொறுங்கும் தன்மை அடைவதால் பாரம் தாங்கும் சட்டத்துக்கு ஆகாது. கரையானையும் அது தடுப்பதில்லை. உங்கள் விலைப்பட்டியலில் இவற்றில் எதுவும் இல்லை. சூளையில் காய வைத்த சாதாரணக் கட்டைதான் அது.

கரையான் விஷயத்தைத் தோட்டத்து மக்களுக்கு விளக்கத் தேவையில்லை. உயிரோடு நிற்கும் பால்மரத்தையே, அதாவது ரப்பர் மரத்தையே, வேரிலிருந்து அரித்துச் சாய்க்கும் காப்டோடெர்மீஸ் கர்விக்னாதஸ் என்ற கரையான் நம் மண்ணில் இருக்கிறது. அதன் உறவான காப்டோடெர்மீஸ் கெஸ்ட்ரோய்தான் மலேசியாவில் வீடுகளுக்குப் பெரிய எதிரி. மண்ணிலிருந்து சுவரோரமாக விரல் தடிமனுக்கு மண்குழாய் கட்டிக்கொண்டு கூரை வரை ஏறும். கூரையில் ஒழுக்கு இருந்து ஈரம் நிரந்தரமாகக் கிடைத்தால், மண்ணோடு தொடர்பு அறுந்தாலும் மேலேயே குடித்தனம் வைத்துவிடும். மேல்மட்டத்தில் இருப்பதால் கூரை மரத்துக்கு ஆபத்தில்லை என்று பரிந்துரையில் ஒரு வரி இருக்கிறதே, அதை நீக்கிவிடுங்கள்.

இப்போது சி24. இது உண்மையான தரம், மதிக்க வேண்டிய தரம். வளைவு வலிமை சதுர மில்லிமீட்டருக்கு 24 நியூட்டன். நூறு சட்டத்தில் தொண்ணூற்றைந்து அதைத் தாண்டும் என்று பொருள். விறைப்பு அதே அலகில் சராசரியாக 11,000. ஆனால் இந்த எண்கள் 20 டிகிரி வெப்பம், 65 விழுக்காடு காற்று ஈரம் என்ற அளவில் நிலைத்த மரத்துக்குச் சொன்னவை. அந்தக் காற்றில் ஸ்ப்ரூஸின் ஈரப்பதம் ஏறத்தாழ 12 விழுக்காடு. பேராக்கில் திறந்த கூரையடியில் அது 16, 17 வரை ஏறி நிற்கும். ஐரோப்பிய வடிவமைப்பு விதியான யூரோகோட் 5 இதற்குக் கணக்கு வைத்திருக்கிறது. நிரந்தரப் பாரத்தால் ஒரு சட்டம் முதல் நாளில் 10 மில்லிமீட்டர் தொய்ந்தால், உலர்ந்த அறையில் காலப்போக்கில் 16 ஆகும். நம்முடையதுபோன்ற ஈரக் காற்றில் 18 ஆகும். நனைந்துகொண்டே இருந்தால் 30. சட்டத்தின் அளவைக் கெம்பாஸுக்குக் கணக்கிட்ட வரைபடத்திலிருந்து அப்படியே எடுத்து, மரத்தை மட்டும் மாற்றினால் தொய்வு கண்ணுக்கே தெரியும். வரைபடத்தை மரக் கட்டமைப்புக்கான மலேசியத் தரநூல் எம்எஸ் 544 படி மறுபடி கணக்கிட்டுப் பொறியாளர் கையெழுத்துப் போடாமல் ஒரு கைமரமும் ஏறக்கூடாது.

இன்னொன்று ஆணி. கெம்பாஸ் ஒரு கன மீட்டர் 770 கிலோவுக்கு மேல். சி24 ஸ்ப்ரூஸின் சராசரி 420. ஆணியைப் பிடித்து வைக்கும் பலம் மரத்தின் அடர்த்தியோடு சேர்ந்தே குறையும். விடியற்காலையில் மேற்கிலிருந்து சுழற்றி அடிக்கும் சுமத்ராக் காற்று தகரக் கூரையைக் கீழே அமுக்காது, மேலே பிடுங்கும். மரமும் இலேசு, தகரமும் இலேசு, ஆணியும் பிடிக்காது என்றால் என்ன ஆகும் என்று சொல்லத் தேவையில்லை. ரீப்பருக்கு ஆணி அடிப்பதை விட்டுத் திருகாணி போடுவதும், சட்டத்தைச் சுவர் விட்டத்தோடு துத்தநாகம் பூசிய இரும்புப் பட்டையால் கட்டுவதும் கட்டாயம். செம்பு மருந்து பட்ட மரத்தில் சாதாரண இரும்பு ஆணி சீக்கிரம் துருப்பிடிக்கும் என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

விலை ஏன் குறைவு என்ற கேள்விக்குப் பரிந்துரையில் பதில் இல்லை. பதில் அந்த நாட்டுக் காடுகளில் இருக்கிறது. நார்வே ஸ்ப்ரூஸ் இயல்பில் வடக்கத்திக் குளிருக்கும் மலைகளுக்கும் உரிய மரம். நேராக வளரும், சீக்கிரம் காசாகும் என்று மத்திய ஐரோப்பாவின் சமவெளிகளிலும் தலைமுறை தலைமுறையாக அதை ஒரே மரமாக நட்டார்கள். 2018இல் தொடங்கிய வறட்சி அதற்குப் பதில் சொன்னது. ஐப்ஸ் டைபோகிராஃபஸ் என்ற பட்டைத் துளைப்பான் வண்டு அரிசி மணி அளவுதான் இருக்கும். நீர்ச்சத்துள்ள மரம் பிசினைப் பீய்ச்சி அதை வெளியே தள்ளிவிடும். தாகத்தில் வாடும் மரத்துக்கு அந்தத் தெம்பு இல்லை. முதலில் நுழையும் வண்டுகள் விடும் வாசனை மற்ற வண்டுகளைக் கூட்டமாக அழைக்கும். கோடை நீண்டால் ஆண்டுக்கு இரண்டு தலைமுறைக்குப் பதில் மூன்று. செக் நாட்டிலும் ஜெர்மனியின் ஹார்ஸ் மலையிலும் மலைச்சரிவுகள் முழுவதும் சாம்பல் நிறமாகின. பட்டுப்போன மரத்தை அவசரமாக வெட்டிச் சந்தையில் தள்ளியதால் அந்த ஆண்டுகளில் அங்கே விலை சரிந்தது. ஒரே பயிரை நம்பியவர்களின் கதி நமக்குப் புதிதல்ல. பால்மரத்து இலை உதிர் நோயைப் பார்த்துக்கொண்டுதானே இருக்கிறோம்.

அந்த வண்டு பட்டைக்கு அடியில்தான் குடியிருக்கும், கட்டைக்குள் ஆழமாகப் போகாது. ஆகவே வண்டு மரம் என்றதும் பயப்படத் தேவையில்லை. அது சுமந்து வரும் பூஞ்சையால் கட்டையில் நீலச்சாயல் படரும். வலிமை அதனால் பெரிதாகக் குறையாது, ஆனால் நீரைச் சீக்கிரம் உறிஞ்சும். நின்ற இடத்திலேயே பட்டுக் காய்ந்த மரத்தில் நீளவெடிப்பு இருக்கும். அதைத்தான் பார்க்க வேண்டும். செம்பழுப்புத் திட்டாக, நகத்தால் அழுத்தினால் அமுங்கும் பகுதி இருந்தால் அது வேறு கதை: அடிமரத்தை உள்ளிருந்து அழுகச் செய்யும் ஹெட்டரோபேசிடியன் பூஞ்சை. நெருக்கம் குறைக்க மரம் வெட்டும்போது புதிய அடிக்கட்டையில் அதன் வித்து விழுந்து, வேரோடு வேர் தொடும் இடத்தில் அடுத்த மரத்துக்குப் போகும். நம் வெள்ளை வேர் நோயும் பழைய பால்மரக் கட்டையிலிருந்து இப்படித்தான் பரவுகிறது. அங்கே வெட்டியவுடன் அடிக்கட்டை மேல் யூரியாக் கரைசலோ, ஃப்ளேபியாப்சிஸ் ஜைகாண்டியா என்ற எதிர்ப்பூஞ்சையோ தெளிக்கிறார்கள். பைன் அடிக்கட்டையில் இந்த எதிர்ப்பூஞ்சை வேலை செய்யும் என்று காட்டியவர் பிரிட்டனின் ஜான் ரிஷ்பெத். பழுப்புத் திட்டு உள்ள பலகையைப் பெஞ்சுக்குக்கூட வாங்காதீர்கள்.

நடுச்சோறு, அதாவது மரத்தின் மென்மையான மையப்பகுதி, உள்ள சட்டத்தையும் ஒதுக்குங்கள். ஸ்ப்ரூஸின் முதல் பதினைந்து இருபது வளையங்களில் நார் நேராக ஓடாது, சுருளாகச் சுற்றி ஏறும். அந்தப் பகுதி நடுவில் இருக்கும் சட்டம் காயக் காய முறுக்கிக்கொள்ளும். எத்தனை திருகாணி போட்டாலும் நிற்காது. ஒரு முனையில் நின்று மறுமுனையைப் பார்த்தாலே முறுக்கு தெரிந்துவிடும்.

இத்தனையும் சொன்னதால் ஸ்ப்ரூஸ் மட்டமான மரம் என்று ஆகாது. எடைக்கு வலிமை என்று கணக்குப் பார்த்தால் அதற்கு ஈடு குறைவு. பஜனைக் குழுவின் வயலினில் மேல்பலகை ஸ்ப்ரூஸ்தான்; பியானோவின் ஒலிப்பலகையும் அதுவே. உட்கூரைக்கும் பெஞ்சுக்கும் அதைத் தாராளமாக வாங்குங்கள்.

உட்கூரைக்கு ஒரு கணக்கு. பலகை 12 விழுக்காடு ஈரத்தில் வந்து, மண்டபத்தில் 17க்கு ஏறினால், 100 மில்லிமீட்டர் அகலப் பலகை வளையப் போக்கைப் பொறுத்துக் கூடக்குறைய ஒன்றேகால் மில்லிமீட்டர் விரியும். ஆறு மீட்டர் அகலத்துக்கு அறுபது பலகை. மொத்தம் 75 மில்லிமீட்டர். இடைவெளி இல்லாமல் நெருக்கி அடித்தால் முதல் மழைக்காலத்திலேயே உட்கூரை வயிறு தள்ளும். பலகைகளைக் கட்டவிழ்த்து, இடையில் குச்சி வைத்து, மண்டபத்துக்குள்ளேயே இரண்டு மூன்று வாரம் அடுக்கி வையுங்கள். பிறகு நாக்கு காடிக்குள் முட்டாமல் ஒவ்வொன்றுக்கும் ஒரு மில்லிமீட்டருக்குக் குறையாமல் இடம் விட்டுப் பொருத்துங்கள். குளிர்சாதனம் போடும் எண்ணம் இருந்தால் இப்போதே சொல்லிவிடுங்கள். ஈரம் 11க்கு இறங்கிப் பலகை சுருங்கும், கணக்கு தலைகீழாகிவிடும்.

பாலர் பள்ளி பெஞ்சுக்குப் பழைய பேலட்டை, அதாவது சரக்கு அடுக்கும் மரத்தட்டை, பிரித்துச் செய்யலாம் என்ற யோசனை சிக்கனமானது, நாங்களும் ஆதரிக்கிறோம். யூரோ பேலட் என்றால் 1200க்கு 800 மில்லிமீட்டர், 11 பலகை, 9 கட்டை, 78 ஆணி. ஆணிகள் சுருள் ஆணிகள். கடப்பாரையால் நெம்பினால் 22 மில்லிமீட்டர் பலகை பிளந்துவிடும். இரும்பறுக்கும் நீள பிளேடு கொண்ட ரம்பத்தால் பலகைக்கும் கட்டைக்கும் இடையே ஆணியை அறுப்பதுதான் சரி. கட்டைகளில் சில மரத்தூளை அழுத்திச் செய்தவை, நனைந்தால் உப்பிவிடும், அவற்றை எறிந்துவிடுங்கள். 'எம்பி' முத்திரை இருந்தால் மீத்தைல் புரோமைட் வாயு காட்டியது என்று பொருள். அதையும், எண்ணெய்க் கறையோ இரசாயன வாடையோ உள்ளதையும் பிள்ளைகள் உட்காரும் இடத்துக்குக் கொண்டுவர வேண்டாம்.

தூணுக்கு ஸ்ப்ரூஸ் கூடவே கூடாது. மண்ணில் ஊன்றுவது எந்த வகை மருந்தேற்றிய ஸ்ப்ரூஸுக்கும் பொருந்தாது. காங்கிரீட் தூணோ, காங்கிரீட் மேடையில் இரும்புக் காலணி வைத்துத் தரைக்கு மேல் 150 மில்லிமீட்டர் தூக்கிய செங்கால் மரமோதான் சரி.

கூரைக்கு எங்கள் பரிந்துரை மருந்தேற்றிய கெருயிங் அல்லது கெம்பாஸ். கெருயிங்கில் மருந்து எளிதாக இறங்கும். இரண்டுமே மருந்தேற்றி ரயில் தண்டவாளக் கட்டைகளாக உழைத்தவை. துத்தநாகம் பூசிய இலேசு இரும்புச் சட்டகமும் சம்மதமே. மரத்துக்கு மருந்தேற்றத்துக்கான மலேசியத் தரநூல் எம்எஸ் 360 படி மருந்தேற்றிய சான்றிதழைத் தொகுதி எண்ணோடு கேளுங்கள்.

சான்றிதழோடு நிற்காமல் சரக்கையும் சோதியுங்கள். தொகுதிக்கு மூன்று சட்டம் எடுத்து, முனையிலிருந்து 30 சென்டிமீட்டர் தள்ளி அறுத்து, அங்கிருந்து இரண்டு சென்டிமீட்டர் வில்லை எடுங்கள். முனையில் எப்போதும் மருந்து கூடுதலாகவும் ஈரம் குறைவாகவும் இருக்கும், அது ஏமாற்றிவிடும். வெட்டுமுகத்தில் குரோம் அசுரோல் எஸ் கரைசலைத் தெளித்தால் செம்பு போன ஆழம் வரை கருநீலமாகும். போரான் மருந்து என்றால் நம் மஞ்சளே போதும்: 10 கிராம் மஞ்சள் தூளை 90 கிராம் எத்தனாலில் ஊற வைத்து வடிகட்டித் தெளித்து, காய்ந்ததும் சாலிசிலிக் அமிலம் கலந்த ஹைட்ரோகுளோரிக் அமிலக் கரைசலை அதன்மேல் தெளிக்க வேண்டும். போரான் உள்ள இடம் சிவக்கும், இல்லாத இடம் மஞ்சளாகவே இருக்கும். அமிலத்தைக் கையாளத் தெரிந்தவர்தான் செய்ய வேண்டும், பள்ளி நேரத்தில் வேண்டாம்.

ஈரத்துக்கு மீட்டர் வைக்கலாம். ஆனால் உப்பு மருந்து ஏறிய மரத்தில் மீட்டர் கூட்டிக் காட்டும். சந்தேகம் வந்தால் இன்னொரு வில்லையை எடை போட்டு, 103 டிகிரி அடுப்பில் எடை மேலும் குறையாத வரை வைத்து மறுபடி எடை போடுங்கள். 56 கிராம் 48 ஆனால், குறைந்த 8ஐ 48ஆல் வகுத்து ஈரம் 16.7 விழுக்காடு. கூரைச் சட்டத்துக்கு 19க்கு மேல் இருந்தால் இறக்கவே விடாதீர்கள்.

தளத்தில் அறுக்கும் ஒவ்வொரு முனைக்கும் ஓட்டைக்கும் தூரிகை மருந்து இரண்டு முறை பூச வேண்டும் என்பதையும், சோதனையில் தேறும்வரை மரத்துக்கான தொகையில் ஒரு பகுதியை நிறுத்தி வைக்கலாம் என்பதையும் ஒப்பந்தத்தில் எழுதிக்கொள்ளுங்கள். லோரி வரும் நாளை முன்கூட்டிச் சொன்னால் மீட்டர், தராசு, கரைசலோடு நாங்கள் வருகிறோம். கூலி எதுவும் வேண்டாம்.

இப்படிக்கு,
வட்டாரத் தச்சர்கள், மரப்பட்டறைத் தொழிலாளர்கள்
சுங்கை சிப்புட், பேராக்